திறக்காத டிஸ்க், வெளியே வராத டிஸ்க்: மறுப்பது யார்?

கல்யாணப் போட்டோக்கள் உள்ள சிடி, குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ உள்ள டிவிடி, பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் எல்லா பைல்களையும் அள்ளிப் போட்டு எழுதி வைத்த பேக்கப் டிஸ்க் என்று பல வீடுகளின் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஒரிஜினல் பைல்கள் எப்போதோ போயிருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டால் டிரைவின் விளக்கு மினுக்கும், மோட்டார் உறுமும், கடைசியில் "டிரைவில் டிஸ்க்கைச் செருகவும்" என்று விண்டோஸ் கேட்கும். உள்ளேதானே இருக்கிறது!

சிலருக்கு டிஸ்க்கே இல்லை. அதன் இமேஜ் பைல் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். அதில் டபுள் கிளிக் செய்தால் மவுண்ட் செய்ய முடியவில்லை என்று செய்தி வரும். இன்னும் சிலருக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. உள்ளே போன டிஸ்க் வெளியே வராது.

இந்த நேரத்தில் கண்ணில் பட்ட வைத்தியத்தை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. டிஸ்க்கில் இருப்பது உங்களிடம் உள்ள ஒரே பிரதியாக இருக்கலாம். எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, மறுப்பது யார் என்பதை. டிஸ்க்கா, டிரைவா, விண்டோஸா, இமேஜ் பைலா? அது தெரியாமல் எதையும் அழிக்கவோ, டிஸ்க்கில் புதிதாக எழுதவோ கூடாது.

குறிப்பாக ஒன்று. எழுதப்பட்ட டிஸ்க்கைப் போட்டும், "இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள்?" என்று விண்டோஸ் ஒரு கட்டம் காட்டினால், அது டிஸ்க்கைக் காலி என்று நினைக்கிறது என்று பொருள். பார்மட் செய்யவா என்று கேட்டாலும் அதே கதைதான். இரண்டிலும் கேன்சல் அழுத்துங்கள். சிடி-ஆர்டபிள்யூ போன்ற திரும்ப எழுதும் டிஸ்க் என்றால் ஒரு கிளிக்கில் எல்லாம் போய்விடும்.

டிரைவைச் சோதித்தல்

நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறு டிஸ்க்கை அதே டிரைவில் போடுங்கள். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. டிரைவ் சிடியைப் படிக்கப் பயன்படுத்தும் லேசர் வேறு, டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு. அதனால் பழைய டிரைவ் ஒன்று பாட்டு சிடிகளை எல்லாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டே, டிவிடியை மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். திறக்காதது டிவிடி என்றால், சோதிக்கவும் டிவிடியையே போட வேண்டும்.

இப்போது வரும் லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பது அபூர்வம். யுஎஸ்பியில் இணைக்கும் வெளி டிரைவைத்தான் பலரும் வாங்குகிறார்கள். இந்த டிரைவ்கள் டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும்போது அதிக மின்சாரம் இழுக்கும். நான்கு சாதனங்கள் தொங்கும் யுஎஸ்பி ஹப்பில் செருகினால், "டிக் டிக்" என்று சத்தம் போட்டுவிட்டு டிரைவே கம்ப்யூட்டரிலிருந்து மறைந்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன், டிரைவை நேரடியாகக் கம்ப்யூட்டரின் போர்ட்டில் செருகிப் பாருங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கப் போர்ட் நல்லது.

டிரைவே திஸ் பிசி விண்டோவில் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிரைவின் பெயருக்கு அருகில் மஞ்சள் ஆச்சரியக்குறியும், உள்ளே கோட் 19 அல்லது 39 போன்ற எண்ணும் இருந்தால், பழைய சிடி எழுதும் புரோகிராம் ஏதோ ஒன்று ரெஜிஸ்ட்ரியில் தன் வாலை விட்டுச் சென்றிருக்கிறது. டிரைவின் பெயரில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடுங்கள். விண்டோஸ் தானே மீண்டும் சேர்த்துக்கொள்ளும். அப்படியும் சரியாகாவிட்டால் சிடி டிரைவ்களுக்கான ரெஜிஸ்ட்ரிப் பிரிவில் உள்ள அப்பர்பில்டர்ஸ், லோயர்பில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை அழைப்பதே நல்லது.

டிரைவ் நன்றாக இருக்கிறது என்றால், திறக்காத டிஸ்க்கை வேறு ஒரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். முடிந்தால் எழுதும் வசதி உள்ள டிரைவாக இருக்கட்டும். அதை முதலில் எழுதிய அதே டிரைவ் கிடைத்தால் இன்னும் நல்லது.

டிஸ்க்கைக் கண்ணால் பாருங்கள்

டிஸ்க்கின் எழுதும் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு வளையம் மட்டும் சற்று வேறு நிறத்தில் தெரியும். எழுதப்பட்ட பகுதி அது. விண்டோஸ் காலி என்று சொன்னாலும் வளையம் இருந்தால் உள்ளே தகவல் எழுதப்பட்டிருக்கிறது. வளையமே இல்லை என்றால் நீங்கள் தேடுவது வேறு டிஸ்க்.

அடுத்து லேபிள் பக்கம். எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். சிடியைப் பொறுத்தவரை ஆபத்து மேல் பக்கத்தில்தான். சிடியின் தகவல் அடுக்கு, லேபிளுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய பூச்சின் அடியில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான பிளாஸ்டிக் பாதுகாப்பு உண்டு. மேலே அது இல்லை. பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்ததும் சிடியைக் கொன்றுவிடும். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசிக் குத்து போல ஒளி தெரிகிறதா? அந்த இடத்தில் இருந்த தகவல் திரும்பாது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தகவல் தடத்தின் கூடவே நீளமாக ஓடும். டிரைவால் அதைச் சரிக்கட்டப் படிக்க முடியாது. தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பற்பசை தேய்க்கும் வைத்தியத்தையும் ஒரே பிரதி உள்ள டிஸ்க்கில் செய்து பார்க்காதீர்கள்.

நடுத்துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருந்தால், அந்த டிஸ்க்கை வேகமான டிரைவில் போடவே கூடாது. 52எக்ஸ் வேகத்தில் சிடி நிமிடத்துக்கு சுமார் 10,000 முறை சுற்றும். டிஸ்க் உள்ளேயே சிதறினால் டிரைவும் சேர்ந்து போகும்.

மூடப்படாத டிஸ்க்

டிஸ்க் சுத்தமாக இருக்கிறது, வளையமும் தெரிகிறது, ஆனாலும் காலி என்கிறது விண்டோஸ். வீடுகளில் நான் பார்த்த வரையில் இந்த வகைதான் அதிகம். மீட்பதும் பெரும்பாலும் இதில்தான் முடியும்.

சிடி எழுதும்போது பைல்களை எழுதுவது பாதி வேலை. எழுதி முடித்தபின், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையை எழுதி செஷனை மூட வேண்டும். மூடாவிட்டால் எழுதிய டிரைவுக்குத் தெரியும். மற்ற டிரைவ்களுக்கு அது வெற்று டிஸ்க். 2000களில் நீரோவின் இன்சிடி, ராக்ஸியோவின் டைரக்ட்சிடி போன்ற புரோகிராம்கள் சிடியைப் பிளாப்பி போலப் பயன்படுத்த விட்டன. பைல்களை இழுத்துப் போட்டால் போதும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இதே வசதி விண்டோஸிலேயே வந்தது. வசதிதான். ஆனால் மூடாமலே டிஸ்க்கை எடுத்தவர்களும், எழுதும்போது கரண்ட் போனவர்களும் நிறைய. பிறகு அந்தக் கம்ப்யூட்டரும் போயிற்று, புரோகிராமும் போயிற்று. டிஸ்க் மட்டும் மிச்சம்.

டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்யும் வீடியோ கேமராக்களிலும் இதே சிக்கல். 8 செ.மீ. குட்டி டிஸ்க்கைக் கேமராவிலேயே "பைனலைஸ்" செய்தால்தான் வெளியே ஓடும். கேமரா இன்னும் வேலை செய்கிறது என்றால் பைனலைஸ் செய்ய அதுவே சரியான இடம். நண்பர் ஒருவர் வீட்டில் மகளின் நடன அரங்கேற்ற டிஸ்க்கைக் கடையில் காலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடிப்பக்கத்தில் முக்கால் டிஸ்க்குக்கு வளையம் பளிச்சென்று தெரிந்தது. கேமரா இல்லை. எழுதும் வசதி உள்ள டிரைவில் போட்டு, அடுத்து சொல்லப்போகும் புரோகிராமில் திறந்தபோது வீடியோ முழுதும் கிடைத்தது.

அதன் பெயர் ஐசோபஸ்டர். விண்டோஸ் சொல்வதை நம்பாமல் டிஸ்க்கை நேரடியாகப் படித்து, அதில் உள்ள செஷன்கள், டிராக்குகள் எல்லாவற்றையும் மரம் போலக் காட்டும். என்ன இருக்கிறது என்று பார்ப்பது இலவசம். சில மீட்பு வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். பார்த்துவிட்டு, இருக்கிறது என்று தெரிந்த பின் பணம் கட்டலாம் என்பதே இதில் உள்ள நிம்மதி.

இன்னொரு மர்மத்தையும் இது தீர்க்கும். டிஸ்க் திறக்கிறது, ஆனால் பாதி போல்டர்களைக் காணோம் என்பார்கள். ஒரே சிடியில் பல தடவையாக எழுதும்போது, பழைய செஷனை இணைத்துக்கொள்ளாமல் புதிதாகத் தொடங்கியிருந்தால், விண்டோஸ் கடைசி செஷனை மட்டும் காட்டும். முந்தையவை அழியவில்லை, மறைந்திருக்கின்றன. ஐசோபஸ்டரில் எல்லா செஷன்களும் வரிசையாகத் தெரியும்.

விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தால் "குளோஸ் செஷன்" என்று மெனுவில் வருவதைப் பார்த்து உடனே அழுத்த வேண்டாம். அது டிஸ்க்கில் எழுதும் வேலை. பைல்களை வெளியே எடுத்த பின் செய்து கொள்ளலாம்.

படிக்கும்போதே இமேஜ் எடுங்கள்

ஏதாவது ஒரு டிரைவில் டிஸ்க் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே போட்டோக்களைப் பார்க்க உட்காராதீர்கள். நலிந்த டிஸ்க் அடுத்த முறை திறக்காமல் போகலாம். முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் பைலாக ஹார்ட் டிஸ்க்கில் எடுப்பது. மற்ற சோதனைகளை அந்த இமேஜில் செய்து கொள்ளலாம்.

இதற்கு இம்ஜ்பர்ன் என்ற இலவச புரோகிராம் போதும். 2013க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் விண்டோஸ் 10லும் ஓடுகிறது. சில தளங்களில் கிடைக்கும் இன்ஸ்டாலரில் வேண்டாத புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கட்டத்தையும் படித்து டிக் அடையாளங்களை எடுத்துவிடுங்கள். இதில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் பிரிவைத் திறந்தால், வலது பக்கக் கட்டத்தில் டிஸ்க்கின் நிலையும் கடைசி செஷன் முழுமையானதா என்பதும் தெரியும். முழுமை இல்லை என்று வந்தால், மேலே சொன்ன மூடாத டிஸ்க் கதைதான்.

நடுவில் படிக்க முடியாமல் நின்றால் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப முயல விடாதீர்கள். படிக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. முதலில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, விட்டுப்போன இடங்களை ஒரு குறிப்புப் பைலில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு, விட்ட இடங்களை மட்டும் மீண்டும் படிக்கச் சொல்லலாம். ஒரு டிரைவ் தடுமாறும் இடத்தை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. அதே டிஸ்க்கின் இரண்டாவது பிரதி இருந்தால் அதிலிருந்தும் ஓட்டைகளை நிரப்பலாம்.

இமேஜ் பைல் மவுண்ட் ஆகவில்லையா?

மவுண்ட் என்றால், இமேஜ் பைலை நிஜ டிஸ்க் போல விண்டோஸ் ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு டிரைவ் எழுத்து தருவது. ஐஎஸ்ஓ பைல்களுக்கு இந்த வசதி 2012ல் விண்டோஸ் 8 உடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் வின்சிடிஎமு போன்ற தனி புரோகிராம் வேண்டும்.

விண்டோஸ் 10, 11ல் ரைட் கிளிக் மெனுவில் மவுண்ட் என்ற வரியே இல்லை என்றால், சுருக்கிய பைல்களைத் திறக்கும் புரோகிராம் ஏதோ ஒன்று ஐஎஸ்ஓ பைல்களைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டது. ஓபன் வித் சென்று விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுங்கள்.

வரி இருக்கிறது, ஆனால் பிழைச் செய்தி வருகிறது என்றால் பைல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பென் டிரைவிலோ, ஜிப் போல்டருக்கு உள்ளேயோ, இன்னும் முழுதாக இறங்காத கிளவுட் போல்டரிலோ இருந்தால் ஹார்ட் டிஸ்க்கில் என்டிஎப்எஸ் முறையில் உள்ள டிரைவுக்கு காப்பி செய்திடுங்கள். அதன் பிராபர்ட்டீஸில் இடத்தைச் சேமிக்கச் சுருக்கு என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். முழு டிவிடியின் இமேஜ் சுமார் 470 கோடி பைட் வரும். விண்டோஸ் அதை 4.37 ஜிபி என்று காட்டும். பேட்32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட் தகவல் உண்டு. எனவே ஒழுங்கான ஐஎஸ்ஓ பைலின் அளவை 2048ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர்கள். முழுதாக நிரம்பினால் 73,72,80,000 பைட். உங்கள் பைலின் பிராபர்ட்டீஸில் "சைஸ்" என்ற வரியில் அடைப்புக்குள் உள்ள முழு எண்ணை எடுத்து வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் டவுன்லோட் அல்லது காப்பி பாதியில் அறுந்திருக்கிறது, அல்லது அது உண்மையில் ஐஎஸ்ஓவே அல்ல. மீதி வராவிட்டால் பைல் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது; டவுன்லோட் செய்த தளத்தில் ஹாஷ் எண் கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஐஎஸ்ஓவே அல்ல என்பது எப்படி? சிடி எழுதும் புரோகிராம்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வகை வைத்திருந்தன. நீரோவுக்கு என்ஆர்ஜி, ஆல்கஹால் 120%க்கு எம்டிஎஸ், எம்டிஎப் என்று இரட்டை, பொதுவாக பின், கியூ என்று இன்னொரு இரட்டை. துணைப்பெயரை மட்டும் ஐஎஸ்ஓ என்று மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின் பைலில் பொதுவாக ஒவ்வொரு செக்டரும் பிழை திருத்தும் குறியீடுகளோடு சேர்த்து 2352 பைட்டாக இருக்கும். அதனால்தான் 700 எம்பி சிடியின் பின் பைல் 800 எம்பியைத் தாண்டுகிறது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. இந்த வகைகள் பலவற்றையும் வின்சிடிஎமு நேரடியாக மவுண்ட் செய்யும். இரட்டையில் சின்னப் பைலைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். பெரிய பைலை எப்படிப் படிப்பது என்ற வரைபடம் அதில்தான் இருக்கிறது.

மவுண்ட் செய்யாமலும் வேலையை முடிக்கலாம். 7-ஜிப் என்ற இலவச புரோகிராம் ஐஎஸ்ஓ பைலை ஜிப் போலவே திறந்து உள்ளிருக்கும் போல்டர்களைக் காட்டும். மேக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த டிஎம்ஜி பைல்கள் பலவற்றையும் திறக்கும். உங்களுக்கு வேண்டியது போட்டோக்கள் மட்டும் என்றால், நான் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பேன்.

முன்பின் தெரியாதவரிடமிருந்து மெயிலில் வந்த ஐஎஸ்ஓ பைல் மவுண்ட் ஆகவில்லை என்றால் மட்டும் சரிசெய்ய முயலாதீர்கள். அழித்துவிடுங்கள். ஆபீஸ் பைல்களில் வரும் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022ல் தடுக்கத் தொடங்கிய பின், வைரஸ் அனுப்புவோர் பலர் ஐஎஸ்ஓ பைல்களுக்கு மாறினார்கள்.

வெளியே வர மறுத்தால்

மவுண்ட் செய்த இமேஜ் பைலை அழிக்கப் போனால், சிஸ்டம் இந்தப் பைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று விண்டோஸ் தடுக்கும். திஸ் பிசியில் புதிதாக முளைத்திருக்கும் டிவிடி டிரைவில் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தால் விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால், அதிலிருந்து திறந்த போட்டோவோ வீடியோவோ வேறு எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மூடுங்கள். கடைசி வழி ரீஸ்டார்ட்; மவுண்ட் செய்த ஐஎஸ்ஓ அதன்பின் தானாகவே கழன்றிருக்கும்.

நிஜ டிஸ்க் என்றால், எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று ரிசோர்ஸ் மானிட்டரில் பார்க்கலாம். சிபியு டேபில் கீழே உள்ள தேடல் கட்டத்தில் டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் கொடுத்தால் பெயர்கள் வரும். பெரும்பாலும் ஆன்டிவைரஸ் அல்லது வீடியோ பிளேயர்.

அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன், திரையில் கம்பெனி பெயர் தெரியும் நேரத்தில் டிரைவின் பட்டனை அழுத்துங்கள். டிரே வெளியே வந்தால் பிடித்து வைத்திருந்தது விண்டோஸ். வராவிட்டால் கோளாறு டிரைவில். டிரைவ் உள்ள பழைய மேக் என்றால், ஆன் ஆகும்போது மவுஸ் பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள்.

கோளாறு டிரைவில் என்றால் ஜெம் கிளிப் வைத்தியம். கம்ப்யூட்டரை முழுதாக ஆப் செய்து, சுற்றும் டிஸ்க் நிற்க அரை நிமிடம் கொடுங்கள். டிரைவின் முகப்பில் சின்னஞ்சிறு துளை இருக்கும். நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக உள்ளே விட்டு, தடை தட்டுப்பட்டதும் மெதுவாக அழுத்தினால் டிரே சற்று வெளியே தலை நீட்டும். பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். சாய்த்துக் குத்த வேண்டாம்.

டிரே இல்லாமல் டிஸ்க்கை வாயால் உறிஞ்சிக்கொள்ளும் டிரைவ்களில் பெரும்பாலும் இந்தத் துளை கிடையாது. அவற்றில் 8 செ.மீ. குட்டி டிஸ்க்கை ஒருபோதும் போடாதீர்கள். உள்ளே போனது வெளியே வர, டிரைவையே கழற்ற வேண்டி வரும்.

மேஜைக் கம்ப்யூட்டரின் பழைய டிரைவில் மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரே மட்டும் அசையவில்லை என்றால் உள்ளே உள்ள சின்ன ரப்பர் பெல்ட் இறுகி வழுக்குகிறது. ஜெம் கிளிப்பால் டிஸ்க்கை எடுத்துவிடலாம். பெல்ட் மாற்றும் வரை தொல்லை தொடரும். மாற்றிய பின்னும் உடனே பேக்கப் டிஸ்க்கைப் போடாமல், வேண்டாத சிடி ஒன்றைப் போட்டு நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள்.